ஓடிக்கிட்டிருந்த பழைய கார் திடீர்னு நின்னு ஸ்டார்ட் ஆகலையா? எதை முதல்ல பாக்கணும், எதைக் கடைசியா பாக்கணும்

பழைய கார் நடுரோட்டுல நின்னுச்சுன்னா நிறைய பேர் முதல்ல சாவியை விடாம திருப்புவாங்க, அடுத்து பேட்டரி மாத்தறவருக்கு போன் போடுவாங்க. புது பேட்டரி போட்டும் ரெண்டு வாரத்துல அதே இடத்துல அதே மாதிரி நிக்கும். இன்ஜின் ஓடும்போது கரண்ட் கொடுக்கறது ஆல்டர்னேட்டர், அதனால பேட்டரி வீக்கா இருக்கறதால மட்டும் ஓடற கார் நிக்கறது அபூர்வம். காலைல ஸ்டார்ட் ஆகாத காரும் ஓடும்போது நின்ன காரும் வேற வேற கேஸ், இதைப் பிரிச்சுப் பாக்காததுலதான் பாதி காசு போகுது.

நின்ன பிறகு வர்ற முதல் பத்து பதினஞ்சு நிமிஷம்தான் ரொம்ப முக்கியம், அப்பதான் கோளாறு இன்னும் இருக்கு. டோ டிரக் வந்து ஏத்தி ஒர்க்‌ஷாப்ல இறக்கறதுக்குள்ள இன்ஜின் ஆறிடும், ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆயிடும், ஃபோர்மேன் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குன்னு சொல்லுவார், அப்புறம் யூகத்துல ஒவ்வொரு பார்ட்டா மாத்துவாங்க. கீழ இருக்கற வரிசை அந்தப் பத்து நிமிஷத்தை வீணாக்காம இருக்கறதுக்குத்தான். இது சிங்கப்பூர்ல ஓடற, 1990கள்ல இருந்து 2010 பக்கம் வரைக்கும் வந்த பெட்ரோல் இன்ஜக்‌ஷன் காருக்கு. ஹைப்ரிடுக்கு இது பொருந்தாது, அதுல இருக்கற ஆரஞ்சு கேபிள்ல கை வைக்கவே கூடாது.

1. முன்னாடியே கார்ல இருக்க வேண்டியது

ஒரு சின்ன மல்டிமீட்டர், சிம் லிம் டவர் மாதிரி இடத்துல சல்லிசாவே கிடைக்கும். டார்ச் லைட், பத்து நம்பர் ஸ்பேனர், ஜம்ப்பர் கேபிள், ஒரு ஜோடி கையுறை, எச்சரிக்கை முக்கோணம். முடிஞ்சா ப்ளூடூத் ஸ்கேனர், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோடைப் போன்ல காட்டறது. கூடவே உங்க காரோட ஃபியூஸ் பாக்ஸ் மூடியை ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க, ரெண்டு இடத்துலயும், அதாவது பானெட்டுக்குள்ள ஒண்ணு, டேஷ்போர்டுக்கு அடியில ஒண்ணு. எந்த ரிலே (கரண்டை ஆன் ஆஃப் பண்ற சின்ன பெட்டி) எதுக்குன்னு இருட்டுல தேடறது ரொம்ப கஷ்டம், ஜப்பான்ல இருந்து நேரா வந்த பேரலல் இம்போர்ட்னா மூடியில ஜப்பானிய எழுத்துதான் இருக்கும், அதை வீட்டுல உக்காந்து ஒரு தடவை பாத்துக் குறிச்சு வைக்கறது நல்லது.

2. காரையும் ஆளையும் பத்திரமா ஒதுக்குங்க

இன்ஜின் நின்னதும் ஸ்டீயரிங் கனமாகும், பிரேக்குல ரெண்டு மூணு மிதிக்குத்தான் உதவி இருக்கும், அப்புறம் கல்லு மாதிரி ஆயிடும். அதனால பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீங்க, ஒரே அழுத்தா அழுத்தி இடது பக்கம் ஷோல்டருக்குக் கொண்டு போங்க. ஓடிட்டிருக்கும்போது சாவியை முழுசா வெளிய எடுத்துடாதீங்க, ஸ்டீயரிங் பூட்டிக்கும். ஆட்டோ கியர்னா நியூட்ரல்ல போட்டு ஒரே ஒரு தடவை சாவி திருப்பிப் பாக்கலாம், அதுக்கு மேல வேண்டாம்.

ஹசார்ட் லைட் போட்டுட்டு எல்லாரையும் கார்ல இருந்து இறக்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்க வைங்க. பிஐஇ, ஏஒய்இ, சிடிஇ மாதிரி எக்ஸ்பிரஸ்வேன்னா நிலப் போக்குவரத்து ஆணையம் எல்டிஏவோட எமாஸ் (எக்ஸ்பிரஸ்வே கண்காணிப்பு) ரெக்கவரி வண்டி வந்து பக்கத்துல இருக்கற குறிப்பிட்ட கார்பார்க் வரைக்கும் இலவசமா இழுத்து விடும், அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு உங்க செலவு. கேபிஇ, எம்சிஇ சுரங்கத்துல நின்னா பானெட்டைத் திறக்கற வேலையே வேண்டாம். புகையோ பெட்ரோல் வாசனையோ வந்தா தூரமா போய் தீயணைப்புக்கு, 995க்குக் கூப்பிடுங்க. கீழ சொல்ற சோதனை எல்லாம் கார்பார்க்குக்கு வந்த பிறகுதான், ஷோல்டர்ல செய்யக்கூடிய ஒரே வேலை அடுத்த படி.

3. எப்படி நின்னுச்சுன்னு உடனே போன்ல எழுதுங்க

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, ஆனா மொத்த வேலையில பாதி பதில் இங்கதான் இருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு நினைவு வச்சு சொன்னா குழம்பிடும்.

சாவியை ஆஃப் பண்ண மாதிரி ஒரே வெட்டுல நின்னுச்சா? அப்படின்னா எலக்ட்ரிக்கல் பக்கம், கிராங்க் சென்சார் (இன்ஜின் சுத்தறதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்றது), மெயின் ரிலே (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் விடறது), இக்னிஷன். குலுங்கிக் குலுங்கி, மிதிச்சாலும் இழுக்காம, கொஞ்சம் கொஞ்சமா செத்துச்சா? பெட்ரோல் போகல, பம்ப்போ ஃபில்ட்டரோ. ரோட்டுல நல்லா ஓடிட்டு சிக்னல்ல நின்னதும் மட்டும் அணைஞ்சுதா, ஆக்சிலரேட்டர் லேசா மிதிச்சா திரும்ப பிடிக்குதா? அது காத்துப் பக்கம், த்ராட்டில் பாடியில (இன்ஜினுக்குள்ள காத்து போற வாய்) கரி, ஐடில் வால்வு, இல்ல எங்கேயோ வேக்குவம் ஹோஸ் கிழிஞ்சிருக்கு. பெரிய சத்தத்தோட நின்னுச்சா, டெம்பரேச்சர் முள் சிவப்புல இருந்துச்சா? அப்ப நேரா 10ஆம் படிக்குப் போங்க, சாவியைத் தொடாதீங்க.

அடுத்தது டேஷ்போர்டு விளக்கு. இங்க புதுசா பாக்கறவங்க கிட்டத்தட்ட எல்லாரும் தடுமாறுவாங்க. இன்ஜின் நின்னு சாவி ஆன்ல இருந்தா பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரியத்தான் செய்யும், எந்தக் கார்லயும் அப்படித்தான், அதைப் பாத்துட்டு பேட்டரி கோளாறுன்னு முடிவு பண்ணக்கூடாது. நிக்கறதுக்கு முன்னாடியே பேட்டரி விளக்கு எரிஞ்சுதா, ஹெட்லைட் மங்கிச்சா, ரேடியோ நின்னு நின்னு வந்துச்சா, அதுதான் கேள்வி. ஆமான்னா ஆல்டர்னேட்டர் செத்து பேட்டரியும் காலியாகி அப்புறம் இன்ஜின் நின்னிருக்கு. இல்லன்னா ஆல்டர்னேட்டரை இப்போதைக்கு ஒதுக்கி வைங்க.

கடைசியா சூழ்நிலை. எவ்வளவு நேரம் ஓடின பிறகு, வெயிலா மழையா, ஜாமா, பெட்ரோல் எவ்வளவு. ஜோகூர் போற காஸ்வே வரிசையில ஏசியைப் போட்டு ஊர்ந்து ஊர்ந்து போகும்போது நின்ன கார்னா சூட்டுல சாகற பார்ட் மேலதான் முதல் சந்தேகம் வரணும்.

4. சாவியை ஆன்ல வச்சு, ஸ்டார்ட் பண்ணாம பாருங்க, கேளுங்க

ஏசி, ரேடியோ எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, ஜன்னலை மூடுங்க. சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்க. மூணு விஷயம்.

செக் இன்ஜின் விளக்கு எரியணும். நல்ல கார்ல சாவி ஆன்ல இருந்தா அது எரியும், இன்ஜின் ஓடினதும் அணையும். எரியவே இல்லன்னா இன்ஜின் கம்ப்யூட்டருக்கே கரண்ட் போகலன்னு அர்த்தம் (பல்பு ஃபியூஸ் ஆகலன்னா), அப்ப மெயின் ரிலே, இஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜக்‌ஷன்) ஃபியூஸ் ரெண்டையும் பாத்துட்டுத்தான் வேற எதுக்கும் போகணும். இந்த ஒரு விளக்கைப் பாக்காம ஸ்பார்க் பிளக், காயில்னு மாத்திட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன், பிளக் எல்லாம் புதுசு, கம்ப்யூட்டருக்கு மட்டும் கரண்ட் இல்ல.

ரெண்டாவது, பின் சீட்டுக்கு அடியில இருந்து ரெண்டு செகண்ட் மெல்லிசா ஒரு ம்ம்ம் சத்தம் வரணும். அது ஃபியூவல் பம்ப் லைன்ல பிரஷர் ஏத்தற சத்தம். இன்னொருத்தரை பின் சீட்டுல காது வைக்கச் சொல்லி மூணு தடவை ஆஃப் ஆன் பண்ணிப் பாருங்க. சில கார்ல கிராங்க் பண்ணும்போது (ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுத்தும்போது) மட்டும்தான் பம்ப் ஓடும், அதனால கார் நல்லா இருக்கும்போதே இந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டு வச்சுக்கணும்.

மூணாவது, சாவி படம் போட்ட விளக்கு மினுக்குதான்னு பாருங்க. மினுக்கிட்டே இருந்தா இம்மொபிலைசர் (வேற சாவிக்கு இன்ஜினை ஓட விடாத திருட்டுத் தடுப்பு) சாவியை ஏத்துக்கலைன்னு இருக்கலாம், ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்க. பழைய ஓனர் வெளியில மாட்டின அலாரம் இருந்தா கூடுதல் கவனம், அதுல இருக்கற கட் ஆஃப் ரிலே பழசாகி வயர் தளர்ந்து ஓடும்போதே இன்ஜினை நிறுத்திடும். டேஷ்போர்டுக்கு அடியில டேப் சுத்தின வயர் கொத்து தொங்கினா அங்கதான் முதல்ல லேசா ஆட்டிப் பாக்கணும்.

5. இப்பதான் சாவியைத் திருப்பணும், ஒரே தடவை, அஞ்சு செகண்ட்

ஹெட்லைட்டை ஆன்ல வச்சுக்கிட்டு திருப்புங்க. அஞ்சு செகண்டுக்கு மேல வேண்டாம், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும், பேட்டரியும் இறங்கும், அப்புறம் எது முதல் கோளாறு எது நீங்க உண்டாக்கினதுன்னு தெரியாது. ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுத்துதா இல்லையா, இந்த ஒரு பதில்ல வழி ரெண்டாப் பிரியுது. சுத்தலன்னா 6க்குப் போங்க. நல்லா சுத்துது ஆனா பிடிக்கலன்னா பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மறந்துட்டு 7க்குப் போங்க.

6. சுத்தவே இல்லன்னா

டக டக டகன்னு வேகமா சத்தம், ஹெட்லைட் சுத்தமா மங்குதுன்னா பேட்டரியோ டெர்மினலோ. முதல்ல டெர்மினலைக் கையால திருகிப் பாருங்க, ஆடினா அதுதான் கோளாறு, வெள்ளைப் பூப்பு இருந்தா சுரண்டி இறுக்குங்க. அப்புறம் மல்டிமீட்டர். 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2ன்னா பாதிதான், 12க்குக் கீழன்னா காலி. நிக்கும்போது 12.5 காட்டிட்டு கிராங்க் பண்ணும்போது 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரி உள்ளுக்குள்ள போயிடுச்சு. நம்ம ஊர் சூட்டுல ரெண்டு மூணு வருஷம்தான் பேட்டரி தாங்கும், சிவப்பு பிளேட் வாரக்கடைசி கார், பார்க்கிங் மோட்ல டேஷ்கேம் ஓடற கார் எல்லாம் அதுக்கும் முன்னாடியே போகும்.

ஒரே ஒரு கனமான டக், ஹெட்லைட் ஓரளவு பிரகாசமாவே இருக்குன்னா ஸ்டார்ட்டர். பழைய டொயோட்டால எல்லாம் ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கற காப்பர் கான்டாக்ட் தேஞ்சு இப்படித்தான் ஆகும், பல மாடலுக்கு முழு ஸ்டார்ட்டரையும் மாத்தாம அந்த கான்டாக்டை மட்டும் மாத்த முடியும், ஒர்க்‌ஷாப்ல கேளுங்க. சத்தமே இல்ல, ஹெட்லைட்டும் மங்கலன்னா ஸ்டார்ட்டருக்கு சிக்னலே போகல, ஆட்டோ கார்னா பார்க்ல இருந்து நியூட்ரலுக்கு மாத்தி திருப்புங்க. நியூட்ரல்ல சுத்தினா கியர் பக்கத்து சுவிட்ச்தான் காரணம்.

ஜம்ப் பண்ணும்போது வரிசை முக்கியம். சிவப்பு கேபிள் செத்த பேட்டரியோட பிளஸ்ல, மறுமுனை நல்ல பேட்டரியோட பிளஸ்ல, கருப்பு நல்ல பேட்டரியோட மைனஸ்ல, கடைசி முனை செத்த காரோட இன்ஜின் இரும்புல, பேட்டரிக்குத் தள்ளி. கடைசி முனை மாட்டும்போது பொறி வரும், பேட்டரிகிட்ட ஹைட்ரஜன் வாயு இருக்கும், அதனாலதான் தள்ளி. ஸ்டார்ட் ஆனதும் மீட்டர்ல 13.8ல இருந்து 14.5க்குள்ள வரணும், 12 பக்கமே நின்னா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணல, அந்த நிலைமையில எக்ஸ்பிரஸ்வேல ஏறாதீங்க. சார்ஜ் ஏறட்டும்னு பிளாக்குக்குக் கீழ இன்ஜினை ஓட விட்டு உக்காரக்கூடாது, இங்க சும்மா நிக்கற கார்ல இன்ஜினை ஓட விடறது சட்டப்படி தப்பு. ஓட்டித்தான் சார்ஜ் ஏத்தணும்.

7. சுத்துது, ஆனா பிடிக்கல

முதல்ல சத்தத்தைக் கேளுங்க. வழக்கமான உர் உர் உர்ங்கற தாளம் இல்லாம ஒரே சீரா விர்ர்னு லேசா வேகமா சுத்தினா டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், உடனே நிறுத்துங்க. பல இன்ஜின்ல பெல்ட் அறுந்த பிறகு சுத்த சுத்த வால்வு வளையும், பெல்ட்டோட முடிய வேண்டிய செலவு சிலிண்டர் ஹெட் வரைக்கும் போயிடும். லான்சர் சிஎஸ்3 மாதிரி பெல்ட் இருக்கற கார்னா கடைசியா எப்ப மாத்தினதுன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.

தாளம் சரியா இருந்தா அடுத்த கேள்வி ஸ்பார்க்கா பெட்ரோலா. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்க, அதுவே சொல்லும். ஈரமா பெட்ரோல் வாசனை அடிச்சா பெட்ரோல் வருது, ஸ்பார்க் இல்ல, இல்லன்னா அளவுக்கு மேல பெட்ரோல் போய் மூழ்கிடுச்சு. காஞ்சு இருந்தா பெட்ரோல் வரல. மூழ்கின இன்ஜின்னா ஆக்சிலரேட்டரை தரை வரைக்கும் மிதிச்சுக்கிட்டே அஞ்சு செகண்ட் கிராங்க் பண்ணுங்க, நிறைய இன்ஜக்‌ஷன் கார்ல அப்படிச் செஞ்சா கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திடும், உள்ள இருக்கறது காயும். ஸ்பார்க் பாக்கணும்னா ஸ்பார்க் டெஸ்ட்டர் வாங்குங்க, வயரைக் கையில பிடிச்சு பாக்கற பழக்கம் வேண்டாம், ஆயிரக்கணக்கான வோல்ட் வர்ற இடம் அது.

பெட்ரோல் வரலன்னா மூணு காரியம், இந்த வரிசையில. பெட்ரோல் இருக்கான்னு உறுதி பண்ணுங்க, பழைய கார்ல கேஜ் பொய் சொல்லும். பம்ப் ஃபியூஸைப் பாருங்க, பம்ப் ரிலேயை அதே நம்பர் போட்ட ஹார்ன் ரிலேயோட மாத்திப் போட்டுப் பாருங்க, காசில்லாத சோதனை இது. அப்புறம் ஒருத்தர் கிராங்க் பண்ணும்போது இன்னொருத்தர் டேங்க்குக்கு அடியில ரப்பர் சுத்தியலாலயோ கையாலயோ தட்டணும், ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா பம்ப் மோட்டார் தேஞ்சு போச்சு. இது வீடு போய்ச் சேர மட்டும்தான், மறுநாளே மாத்தணும். கார்பார்க்ல பெட்ரோல் லைனைக் கழட்டி பிரஷர் பாக்க முயற்சி பண்ணாதீங்க, சூடான எக்ஸாஸ்ட் மேல பெட்ரோல் தெறிச்சா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

மல்டி ஸ்டோரி கார்பார்க்ல நாள் கணக்கா நிக்கற கார்னா எலி வயரைக் கடிச்சிருக்கான்னும் டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க.

8. சூட்டுல சாகும், ஆறினா எழும்

ஓடும்போது நின்னு, அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகற கார்னா இந்தப் படியில நிதானமா நில்லுங்க. காரணம் பெரும்பாலும் மூணுல ஒண்ணு.

கிராங்க் சென்சார். இன்ஜின் எந்த நிலைமையில சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான், இது பேசலன்னா நிறைய கார்ல ஸ்பார்க்கும் இல்ல பெட்ரோலும் இல்ல. உள்ள இருக்கற காயில் சூட்டுல விரிஞ்சு அறுந்துக்கும், ஆறினதும் ஒட்டிக்கும். இன்ஜினை நிறுத்தினதும் பானெட்டுக்குள்ள சூடு உடனே குறையாது, கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும், காத்து ஓட்டமும் இல்ல கூலண்ட் ஓட்டமும் இல்ல, அதனாலதான் பெட்ரோல் ஸ்டேஷன்ல அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு வந்தா ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிக்கும். அடையாளம், கிராங்க் பண்ணும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. நிறைய கார்ல லேசா துள்ளும். அசையவே இல்லன்னா சென்சார் மேல பலமான சந்தேகம். இங்க ஒரு பெரிய தடுமாற்றம் இருக்கு, சென்சாரைக் கழட்டி வீட்டுல ஆறின பிறகு மல்டிமீட்டர்ல அளந்து நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடுவாங்க. ஆறினா நல்லாத்தான் காட்டும். ரெண்டு வயர் சென்சார்னா சூடா இருக்கும்போதே அளக்கணும், மூணு வயர் ஹால் வகைன்னா ஓம் அளந்து ஒண்ணும் தெரியாது, ஸ்கேனர்தான் வழி.

மெயின் ரிலே. 1990கள்ல வந்த ஹோண்டா சிவிக், அக்கார்ட் வச்சிருக்கவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ரிலேக்குள்ள இருக்கற சால்டர்ல (ஈயப் பத்த வைப்பு) விரிசல் விட்டிருக்கும், திறந்தவெளி கார்பார்க்ல மத்தியான வெயில்ல நின்ன பிறகு ஸ்டார்ட் ஆகாது, சாயந்திரம் ஆகும். பம்ப் சத்தமும் வராது. வீட்டுல சோதிக்கணும்னா கார் நல்லா ஓடும்போது ரிலேயை ஹேர் டிரையரால சூடாக்குங்க, இன்ஜின் நின்னா கண்டுபிடிச்சாச்சு. சால்டரைத் திரும்ப வச்சாலே சரியாகிடும், சால்டரிங் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கொடுங்க.

மூணாவது ஃபியூவல் பம்ப். டேங்க்ல இருக்கற பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர வைக்கிறது, எப்பவும் கால் டேங்க்குக் கீழயே ஓட்டறவங்க பம்ப் சீக்கிரம் சூடேறித் தேயும். இது ஒரே வெட்டுல நிக்காது, கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நிக்கும், 3ஆம் படியில எழுதினது இங்கதான் உதவும்.

9. ஸ்கேனரை இந்த இடத்துல எடுங்க, முதல்ல இல்ல

கோட் வரலன்னா கோளாறு இல்லன்னு நினைக்கறது தப்பு. தேஞ்ச பம்ப்புக்கு நிறைய கார்ல கோடே வராது. பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 கேம் சென்சார் சர்க்யூட், பி0171 காத்து அதிகம் பெட்ரோல் கம்மி, ஆனா இது எல்லாமே எந்தப் பக்கம் தேடணும்னு சொல்றது மட்டும்தான், வயர் அறுந்தாலும் அதே கோட்தான் வரும். கோடை விட லைவ் டேட்டா நல்லது, கிராங்க் பண்ணும்போது ஆர்பிஎம் 150, 200 பக்கம் காட்டணும், பூஜ்யமாவே நின்னா கிராங்க் சென்சார் பக்கம். பேட்டரியைக் கழட்டி மாட்டறதுக்கு முன்னாடியே கோடை எழுதிக்கோங்க, பல பழைய கார்ல பேட்டரி கழட்டினா அழிஞ்சிடும். பழைய ஜப்பான் இம்போர்ட்ல சாக்கெட் பொருந்தும், ஆனா சாதாரண ஸ்கேனரோட பேசாம இருக்கலாம், அதுக்காக கம்ப்யூட்டர் செத்துடுச்சுன்னு பயப்படாதீங்க.

10. சாவியைத் தொடாம நிறுத்த வேண்டிய நேரம்

வெள்ளத் தண்ணியில நின்ன கார். இன்ஜினுக்குள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டன் அதை அழுத்த முடியாம கனெக்டிங் ராட் வளையும், ஒரே ஒரு கிராங்க் போதும் அதுக்கு. சூடேறி நின்ன கார், ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, கொதிக்கற தண்ணி முகத்துல அடிக்கும். ஆயில் விளக்கு நிக்கறதுக்கு முன்னாடியே எரிஞ்சிருந்தாலும், லொட லொடன்னு இரும்புச் சத்தம் கேட்டிருந்தாலும் டோ டிரக்தான். முன் சக்கரம் இழுக்கற ஆட்டோ கார்னா முன் சக்கரத்தைத் தூக்கித்தான் இழுக்கணும், முடிஞ்சா பிளாட்பெட் கேளுங்க. தள்ளி ஸ்டார்ட் பண்றது மேனுவல் கியருக்கு மட்டும்.

11. ஒர்க்‌ஷாப்ல என்ன சொல்றது

சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ, எங்க போனாலும் "அண்ணே, கார் ஸ்டார்ட் ஆகல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. நாப்பது நிமிஷம் ஓடின பிறகு ஒரே வெட்டுல நின்னுச்சு, ஸ்டார்ட்டர் நல்லா சுத்துச்சு, பம்ப் சத்தம் வந்துச்சு, ஆர்பிஎம் முள் அசையல, இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சு, இப்படிச் சொல்லுங்க, கிராங்க் பண்ணும்போது டேஷ்போர்டை எடுத்த வீடியோவையும் காட்டுங்க. ஆறின கார்ல பாத்தா தெரியாது, சூடு பண்ணிப் பாருங்கன்னு கேட்டுக்கோங்க. மாத்தின பழைய பார்ட்டைக் கையில வாங்கிக்கோங்க. கிராங்க் சென்சார் மாத்தறதா இருந்தா ஒரிஜினலோ அதே தரத்துல இருக்கறதோ போடச் சொல்லுங்க, மலிவா வர்ற காப்பி சென்சார் அதே சூட்டுல திரும்பவும் அறுந்துக்கும். வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆன கார்தானேன்னு சிலர் சொல்லுவாங்க, அதுல இந்த சென்சாரையோ ரிலேயையோ யாரும் சோதிக்கறதில்ல. மாத்தின பிறகு ஜோகூர் போறதுக்கு முன்னாடி இங்கேயே ஒரு மத்தியான வெயில்ல, ஏசியைப் போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டி, பத்து நிமிஷம் நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடுங்க.